பலாசம் பூத்த பல்கலைக்கழகம்

மற்ற பல்கலைக்கழகங்களின் ஆண்டைத் தேர்வு அட்டவணை நடத்துகிறது. மேற்கு வங்கத்துச் சாந்திநிகேதனில் இருக்கும் விஸ்வபாரதியின் ஆண்டை இன்றும் பருவங்கள்தான் நடத்துகின்றன. ஆடியில் மரம் நடும் விழாவும் ஏர் பூட்டும் விழாவும், மார்கழியில் பௌஷ மேளா, மாசி பங்குனியில் வசந்தம். தேர்வு அங்கேயும் உண்டு, துணைவேந்தர் அலுவலகமும் உண்டு. 1951 முதல் அது மத்தியப் பல்கலைக்கழகம். ஆனாலும் பலாச மரம் பூத்துவிட்டால் பாட்டும் நாட்டியமும் கோலமும் பாடத்திட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வசந்தகாலத்தில் கலை நிகழ்ச்சி நடத்தும் கல்விக்கூடங்கள் ஊருக்கு ஊர் இருக்கலாம். ஒரு பருவத்தை எப்படிப் பார்ப்பது, அதற்கு எப்படிப் பாடுவது என்பதையே படிப்பாக வைத்திருக்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதைப் பார்க்கத்தான் போனேன்.

சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ரயில். அங்கிருந்து காலை பத்து மணி வாக்கில் கிளம்பும் சாந்திநிகேதன் எக்ஸ்பிரஸ் இரண்டரை மணி நேரத்தில் போல்பூரில் இறக்கிவிடுகிறது. பர்த்தமான் வரை இருபுறமும் நெல்வயல். அதற்கப்புறம் மண் சிவக்கிறது. ஏக்தாராவோடு ஒரு பாவுல் நாடோடிப் பாடகர் பெட்டிக்குப் பெட்டி பாடிக்கொண்டே வந்தார். பாட்டு முடிந்ததும் யாரிடமும் கை நீட்டாமல், இருக்கைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றார். கொடுக்கிறவர்கள் எழுந்து வந்து கொடுத்தார்கள்.

போல்பூர் நிலையத்துக்கு வெளியே டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாக்கள் வரிசையாக நிற்கின்றன. கடைத்தெரு நெரிசல் தாண்டியதும் சாலையோரம் மரங்கள் நெருங்கிவிடுகின்றன. செம்புறாங்கல் பூமி. புதுக்கோட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த நிறம் பழக்கமானதுதான். மழைநீர் அறுத்து அறுத்து உண்டாக்கிய ஓடைப்பள்ளங்களைக் கோயாய் என்கிறார்கள். ரவீந்திரநாத் தாகூரின் தந்தை தேவேந்திரநாதர் 1863இல் இந்தப் பொட்டலில் இருபது பிகா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அப்போது சொல்லிக்கொள்ளும்படி இங்கே நின்றவை இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள்தானாம். அவர் தியானத்தில் அமர்ந்த அந்த மரத்தடி இன்றைக்கும் வளாகத்தின் நடுநாயகம். பழைய மரங்கள் பட்டுப்போய்ப் புதியவை வைத்திருக்கிறார்கள். பட்டமளிப்பு நாளில் மாணவர்களுக்கு ஏழிலைப்பாலை இலைக்கொத்து தருவது இங்கத்திய மரபு. இன்று நாம் பார்க்கும் சோலை முழுவதும் மனிதர்கள் வைத்து வளர்த்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், இவர்கள் ஏன் ஒரு பூ பூத்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள் என்பது விளங்கும். பொட்டலில் பூத்த பூ அது.

தாகூர் இங்கே பள்ளி தொடங்கியது 1901 டிசம்பரில், ஐந்தே மாணவர்களோடு. 1921இல் அது விஸ்வபாரதி ஆயிற்று. பாட பவன் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மாமரத்தடியில் ஆசனம் விரித்து உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். ஆளுக்கொரு பாய்த்துண்டு, மணி அடித்ததும் அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த மரத்தடிக்கு ஓடுகிறார்கள். மணி கட்டியிருக்கும் மேடை சாஞ்சி தோரணவாயிலின் சாயலில் கட்டப்பட்டது. ஆசிரியர்களை ஐயா, அம்மா என்று யாரும் கூப்பிடுவதில்லை. பேரோடு 'தா' சேர்த்தால் அண்ணா, 'தி' சேர்த்தால் அக்கா. அறுபது வயதுப் பேராசிரியரைப் பத்து வயதுப் பையன் அண்ணா என்று அழைத்துச் சந்தேகம் கேட்கிறான், அவரும் குனிந்து பதில் சொல்கிறார்.

என் கல்லூரித் தோழரின் மகள் மயிலாடுதுறையிலிருந்து வந்து இங்கே சங்கீத பவனில் ரவீந்திர சங்கீதம் படிக்கிறாள். கர்நாடக இசையில் நல்ல தேர்ச்சி உள்ள பெண். அவள்தான் என்னை வசந்தவிழா ஒத்திகைக்கு அழைத்துப் போனாள். திறந்த தாழ்வாரம். ஒரு தம்பூரா, ஓர் எஸ்ராஜ், ஓரமாகப் பகவாஜ். பாய்களில் முப்பது நாற்பது பேர். மைக் கிடையாது. ஆசிரியை முதல் அடியைப் பாடி நிறுத்தியதும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"அத்தை, இது எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா?"

இருந்தது. மொழி வங்காளம், ஆனால் மெட்டு நமக்கு ஊறிப்போனது. முத்துசுவாமி தீட்சிதர் மதுரை மீனாட்சியின் மேல் பாடிய 'மீனாக்ஷி மே முதம்' கீர்த்தனை. கமகக்கிரியா என்றும் பூர்விகல்யாணி என்றும் நாம் சொல்லும் ராகம். எட்டயபுரத்தில் 1835ஆம் ஆண்டு தீபாவளி அன்று, தம் சீடர்கள் இந்தக் கீர்த்தனையைப் பாடக் கேட்டுக்கொண்டே தீட்சிதர் கண்மூடினார் என்று நம் இசையுலகம் சொல்லிவருகிறது. தாகூரிடம் இருந்த சாவித்திரி என்ற சென்னைப் பெண் தென்னாட்டுக் கீர்த்தனைகளை அவருக்குப் பாடிக்காட்டியிருக்கிறார். அவற்றில் சிலவற்றின் மெட்டை எடுத்துக்கொண்டு தாகூர் தம் மொழியில் பாட்டுக் கட்டினார். மீனாட்சியின் கீர்த்தனை வசந்தத்தை உலகை மயக்கும் பெண்ணாக விளித்துப் பாடும் பாடலாயிற்று. தியாகராஜரின் தோடிக் கீர்த்தனை ஒன்று மழைமுகிலின் பாட்டாயிற்று.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் என்ன மாறியிருக்கிறது என்று தெரிகிறது. தீட்சிதரின் கீர்த்தனை கர்ப்பகிருகத்தை நோக்கி நடக்கிற நடை: மெதுவாக, ஒவ்வோர் அடியிலும் நின்று. கமகம் சுரத்தை விட்டு நகர மனமில்லாமல் அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. தாகூர் அந்தக் கமகங்களில் பலவற்றை இளக்கிவிட்டுச் சொல்லுக்கு வழிவிட்டிருக்கிறார். கர்ப்பகிருகத்துக்குப் பதில் அடிவானம். ராகத்தின் முகம் மட்டும் மாறவில்லை. என்னைக் கேட்டால், எடுத்தாள்வதில் இதைவிட மரியாதையான முறை இல்லை. தோழரின் மகள் வேறொன்று சொன்னாள்: "முதல் மாசம் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துது அத்தை. தொண்டை தானா கமகத்துக்குப் போயிடும். அக்கா நிறுத்திட்டு, 'வார்த்தையைப் பாடு, வார்த்தையைப் பாடு'ம்பாங்க. இப்ப ஊருக்குப் போய் கீர்த்தனை பாடினாக்கூட வார்த்தை தனியாக் காதுல விழுது."

அன்று மாலை அந்த ஒரு பாட்டிலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று. சேர்ந்திசையில் இரண்டு பையன்கள் தாளத்தைக் கொஞ்சம் முந்தினார்கள். ஆசிரியை கோபிக்கவில்லை, அவர்களை எழுந்து நின்று நடந்துகொண்டே பாடச் சொன்னார். இந்த விழாவில் பெரும்பாலான பாட்டுகள் நடந்துகொண்டே பாடுவதற்கானவை. விழா நாட்களில் விடிவதற்குமுன் மாணவர்கள் வளாகத்தைச் சுற்றிப் பாடிவரும் வழக்கத்துக்கு வைதாலிக் என்று பெயர். நடையில் தாளம் பிடிபட்டதும் பையன்கள் சரியாகிவிட்டார்கள்.

வசந்தவிழாவின் பிறப்பைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு சிறுவனின் பெயரைத்தான் சொல்கிறார்கள். தாகூரின் கடைசி மகன் சமீந்திரநாதன், வீட்டில் சமி. 1907 வசந்த பஞ்சமியன்று பத்து வயதுப் பையன் தன் பள்ளித் தோழர்களைக் கூட்டிப் பருவவிழா ஒன்று நடத்தினான். பையன்களே வசந்தமாகவும் மழையாகவும் வேடம் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், முங்கேருக்குப் போன இடத்தில் காலரா கண்டு இறந்துபோனான். ஐந்தாண்டுக்கு முன் அவன் தாய் இறந்த அதே நாள். அந்தப் பிள்ளை தொடங்கிவைத்ததைத் தந்தை விடவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் தாகூர் பருவங்களுக்காக எழுதிய நாடகங்களையும் பாட்டுகளையும் எண்ணிப்பார்க்கும்போது, ஒரு குழந்தையின் விளையாட்டை ஒரு மனிதர் தம் ஆயுள் முழுதும் எழுதி நிறைத்துக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வசந்தம் அவருக்குப் பூவும் தென்றலுமாக மட்டும் இருக்கவில்லை. 'பால்குனி' நாடகத்தில் முதுமையையும் மரணத்தையும் துரத்திப் பிடிக்க இளைஞர்கள் கிளம்புகிறார்கள். 1916இல் கல்கத்தா ஜோராசாங்கோ வீட்டில் அதை நடித்தபோது பார்வையற்ற பாவுலாக மேடையேறியவர் தாகூரே. 1923இல் எழுதிய 'வசந்தம்' என்ற இசைநாடகத்தை, பிரிட்டிஷ் அரசால் சிறையில் அடைக்கப்பட்டிருந்த இளங்கவி காஜி நஸ்ருல் இஸ்லாமுக்குச் சமர்ப்பித்தார். சிறைக்கு ஒரு வசந்தத்தை அனுப்பிவைத்தார் என்று சொல்லலாம். மேடையில் பெண்கள் ஏறுவதே அவமானம் என்றிருந்த காலத்தில், 1926இல் 'நடீர் பூஜா' நாடகத்தில் ஓவியர் நந்தலால் போஸின் மகள் கௌரி ஆடினார். இன்று மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு இங்கே ஆடும் ஒவ்வொரு பெண்ணின் காலடியிலும் கௌரியின் துணிச்சல் இருக்கிறது.

வசந்தகாலத்தில் இங்கே நடப்பவற்றில் வெளியூர்க்காரர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒரு நாள் மார்ச் 10. 1915இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தி இங்கே வந்தார். அவருடைய பீனிக்ஸ் ஆசிரமத்துப் பிள்ளைகள் அவருக்கு முன்பே வந்து தங்கியிருந்தார்கள். சத்தியாகிரகத்தில் காந்திக்குத் தோள்கொடுத்த தமிழர் தம்பி நாயுடுவின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சமையலுக்கும் துப்புரவுக்கும் ஆள் வைத்துக்கொண்டிருக்கும் பள்ளியைப் பார்த்த காந்தி, மாணவர்களும் ஆசிரியர்களுமே எல்லா வேலைகளையும் செய்து பார்க்கட்டும் என்றார். தாகூர் சம்மதித்தார். மார்ச் 10 அன்று தொடங்கிய அந்தச் சோதனை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் அந்தத் தேதியை அவர்கள் விட்டுவிடவில்லை. ஆண்டுதோறும் அன்று சமையற்காரர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் விடுமுறை. காந்தி புண்யாஹம் என்று பெயர்.

நான் பார்த்தது ஒரு விடுதிப் பின்கட்டை. தத்துவம் கற்பிப்பவர் என்று சொன்னார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடை வாயிலிருந்து இலைச்சருகை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாணவி தேங்காய்நார் கொண்டு கல்தொட்டியின் பாசியைத் தேய்த்தாள். அவளுக்கு அது பழக்கமில்லை என்பது முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. அரைமணி கழித்துத் திரும்பி வந்தபோது தொட்டியின் ஒரு பக்கம் வெளுத்திருந்தது, அவள் மறுபக்கத்தில் இருந்தாள். சமையற்கட்டில் உருளைக்கிழங்கு நறுக்குகிறவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்று விடுமுறையில் இருந்த சமையற்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று, உப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னார். உள்ளே வரவில்லை. ஆண்டில் ஒரு நாள் போதுமா என்று கேட்கலாம், போதாதுதான். ஆனால் அந்த மாணவி தேய்த்த தொட்டி நிஜமான தொட்டி, நிஜமான பாசி. இலக்கியமும் தத்துவமும் படிக்கிறவர்களுக்கு அந்தப் பாசி ஒரு பாடம் என்று நினைத்தவர்களை நான் மதிக்கிறேன்.

அதே நாளின் மாலையில் ஆல்பனா தொடங்கிற்று. இங்கே எந்த நிகழ்ச்சியானாலும் கலைப் பள்ளியான கலா பவனின் மாணவர்கள் தரையில் ஆல்பனா போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த சுகுமாரி தேவி என்ற பெண்மணி கற்றுக்கொடுத்து, நந்தலால் வளர்த்து, கௌரி பல்லாண்டு பயிற்றுவித்த கலை. ஊறவைத்து அரைத்த அரிசிமாவு, ஒரு சிறு துணித்துண்டு, விரல்கள். நம் மாக்கோலத்துக்கு வேண்டியதும் இவைதாம். ஆனால் வேலை நடப்பது வேறுவிதம். புள்ளியே கிடையாது. ஒரு பெண் நடுவில் ஒரு வளைவை இட்டு எழுந்துவிட்டாள். எதிரே உட்கார்ந்தவன் அந்த வளைவு எங்கே போக விரும்புகிறதோ அங்கே அதைக் கொண்டுபோனான். கொடி இலையாயிற்று, இலை பலாசப் பூவின் கிளிமூக்காயிற்று. நம் வீட்டுப் பெண்களின் கோலத்தில் புள்ளி எண்ணிக்கை கட்டுப்பாட்டைக் கொடுக்கிறது. இங்கே கட்டுப்பாடு பக்கத்தில் இருப்பவரின் கையிலிருந்து வருகிறது. மாவு காய்ந்தால்தான் வெண்மை தெரியும். ஈரத்தில் கோடு மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே போடுகிறவர்கள் கோட்டைக் கண்ணால் பாதி, நம்பிக்கையால் பாதி இடுகிறார்கள். காலையில் முற்றம் முழுக்க வெளுத்துக் கிடந்தது. மாலைக்குள் காலடியில் போய்விடும். அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

காலடியில் போகாதவையும் கலா பவனில் இருக்கின்றன. சிற்பி ராம்கிங்கர் பைஜின் 'சாந்தால் குடும்பம்' 1938இல் செய்தது. தோளில் காவடி, காவடிக் கூடையில் குழந்தை, பக்கத்தில் மனைவி, கூடவே நாய். பிழைப்புத் தேடிப் போகும் ஒரு சாந்தால் பழங்குடிக் குடும்பம், ஆளைவிடப் பெரிய உருவில், திறந்த வெளியில். வெண்கலம் வார்க்க இங்கே பணம் ஏது? இரும்புச் சட்டத்தின்மேல் சிமெண்டையும் செம்புறாங்கல் சல்லியையும் குழைத்து அறைந்திருக்கிறார். கிட்டப்போய் உற்றுப் பார்த்தால் மனைவியின் தோளில் கோலிக்குண்டு அளவு சல்லிகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. எந்த மண்ணில் அவர்கள் நடக்கிறார்களோ அந்த மண்ணாலேயே ஆனவர்கள். சற்றுத் தள்ளி 1956இல் செய்த 'ஆலைச் சங்கு'. இரண்டு பெண்கள் காற்றில் சேலை பறக்க ஓடுகிறார்கள், பின்னால் ஒரு சிறுவன். மெரினாவில் நாம் தினமும் பார்க்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் வங்காளிதான். சென்னைக் கலைப்பள்ளிக்கு நீண்டகாலம் முதல்வராக இருந்தவர். அவருடைய உழைப்பாளிகள் பாறையை நெம்பும்போது தசைநார்கள் முறுக்கேறி நிற்கின்றன. ராம்கிங்கரின் பெண்கள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுகிறார்கள், ஓட்டத்தில் ஒரு குதூகலமும் இருக்கிறது. எனக்கு இந்த ஓட்டம் இன்னும் நெருக்கமாக இருக்கிறது.

அனுமதி பெற்று ஹிந்தி பவனுக்குள் போனேன். ஒரு கூடத்தின் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் பினோத் பிஹாரி முகர்ஜி 1946-47இல் தீட்டிய 'இடைக்கால ஞானியரின் வாழ்க்கை' இருக்கிறது. ஈரச்சுண்ணத்தில் வரையும் முறை இது. ஒரு நாளைக்கு எவ்வளவு பூச முடியுமோ அவ்வளவு சுண்ணம் பூசி, காய்வதற்குள் வண்ணத்தை இட்டு முடிக்க வேண்டும். தவறினால் திருத்த வழியில்லை, கொத்தி எடுக்கத்தான் வேண்டும். முன்கூட்டிப் பெரிய அளவில் வரைந்துகொள்ளாமல் நேராகச் சுவரிலேயே வரைந்தார் பினோத் பிஹாரி. பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறுகண்ணிலும் மங்கல். சாரத்தின் மேல் சுவரோடு ஒட்டி நின்றவரால் முழுச் சுவரையும் ஒருசேரப் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் கீழே நின்று பார்க்கிற நமக்கு மக்கள்கூட்டம் ஓர் ஆறுபோலச் சுவர்விட்டுச் சுவர் ஓடிவருவது தெரிகிறது. கபீர் தறியில். துளசிதாசர், சூர்தாசர், குரு கோவிந்தசிங். இவர்கள் நடுவே நம்முடைய ராமானுஜர். ஹிந்தி இலக்கியத்துக்கென்று கட்டிய கட்டடத்தில், பக்தி இயக்கத்தின் கதையைச் சொல்லப் புகுந்தவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்று கண்டிருக்கிறார். ஞானிகள் பெரிதாகவும் மற்றவர்கள் சிறிதாகவும் இருந்தாலும் யாரும் பீடத்தில் இல்லை. தலைச்சுமைக்காரர்கள், குழந்தை இடுக்கிய பெண்கள், வம்பளக்கும் கிழவர்கள், இந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் ஞானிகளும் நிற்கிறார்கள்.

அந்தச் சாரத்தின் மேல் அவருக்குக் கைகொடுத்த மாணவர்களில் கே.ஜி. சுப்பிரமணியன் ஒருவர். கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடியது. 1944இல் இங்கே வந்தார். பிற்காலத்தில் கலா பவனில் ஆசிரியராகத் திரும்பி, ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்கள் முழுவதையும் கருப்பிலும் வெள்ளையிலும் வரைந்து நிரப்பினார். ஆடு, பூனை, பெண்கள், மரங்கள் என்று சுவரில் இடம் விடாமல். சென்னையில் அடைபட்ட ஒரு கதவு நம் நாட்டுக் கலைக்கு எவ்வளவு பெரிய வரவாக முடிந்தது என்று அந்தச் சுவரின் முன் நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

பினோத் பிஹாரி 1950களில் முழுப் பார்வையையும் இழந்தார். அதற்கப்புறமும் வண்ணக்காகிதத்தைத் தடவித் தடவி வெட்டி ஒட்டினார், 1972இல் கலா பவன் சுவரில் ஓட்டுச்சில்லுகளால் ஓர் ஓவியம் அமைத்தார். அந்த ஆண்டு அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர் அவருடைய பழைய மாணவர் சத்யஜித் ராய்.

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அங்கே போயிருந்த ஆண்டில் டோல் பூர்ணிமை, அதாவது ஹோலி, மார்ச் 14. அன்று வளாகத்தில் விழா இல்லை. முன்பெல்லாம் அன்று காலை மஞ்சள் சேலையும் வெள்ளை ஜிப்பாவுமாக மாணவர்கள், வீட்டுக்குள் இருப்பவர்களைக் கதவு திறக்கச் சொல்லும் பாட்டைப் பாடிக்கொண்டு ஊர்வலம் வருவார்கள். நாட்டியமும் பாட்டும் முடிந்த பிறகுதான் வண்ணப்பொடி, அதுவும் நெற்றியிலும் கன்னத்திலும் மெல்லப் பூசுவார்கள். நாளாக நாளாக இதைப் பார்க்க வரும் கூட்டம் பெருகி மைதானம் கொள்ளாமல் போயிற்று. 2020இல் கொரோனாவால் விழா நின்றது. அதற்கப்புறம் பொதுமக்களுக்காக அது திரும்ப வரவில்லை. 2023 செப்டம்பரில் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, கட்டுப்பாடு இன்னும் இறுகியது. இப்போது ஹோலிக்குச் சில நாள் முன்னதாக, தங்கள் மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் மட்டும் வசந்தத்தைக் கொண்டாடிக்கொள்கிறார்கள்.

அந்த உள்விழா நடந்த காலையில் நான் வளாகத்துக்கு வெளியே சாலையில்தான் நின்றேன். மதிலைத் தாண்டி வைதாலிக் கேட்டது. ஒத்திகையில் தாளத்தை முந்திய பையன்கள் அன்று சரியாகப் பாடியிருப்பார்கள்.

ஹோலியன்று கூட்டம் முழுவதும் கோயாய்ப் பக்கம் சோனாஜுரிக் காட்டில் இருந்தது. கொல்கத்தாவிலிருந்து வந்த கார்கள் மரங்களுக்கிடையே செம்மண்ணில் நெருக்கி நின்றன. ஒலிபெருக்கிகள் இரண்டு மூன்று ஒரே நேரத்தில். ஒரு மூலையில் சாந்தால் பெண்கள் தம்சா முரசின் முழக்கத்துக்குக் கைகோத்து ஆடினார்கள். அவர்களோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளப் பட்டணத்துப் பெண்கள் காத்து நின்றார்கள். மரத்தில் இருக்க வேண்டிய பலாசப் பூ கூடை கூடையாக மாலையாகி விற்றது. பூக்களை ஒடிக்காதீர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சிலர் கையெழுத்துப் பலகை வைத்திருந்தார்கள். தமிழில் புரசு என்று சொல்லும் மரம் இது, சென்னைக்காரர்களுக்குப் புரசைவாக்கம் என்ற பெயரில் மட்டும் எஞ்சியிருப்பது. ஓர் ஊரில் ஒரு மரம் எப்படிப் பெயர் மட்டுமாகிறது என்று நமக்குத் தெரியும். அந்தக் கூடைகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கதவு திறக்கச் சொல்லும் பாட்டோடு தொடங்கும் விழாவை மதிலுக்குள் வைத்துக்கொள்வது சரியா என்று போல்பூர்க் கடைக்காரர் ஒருவர் மனம் நொந்து கேட்டார். அவர் தாத்தா காலத்திலிருந்து அந்தக் காலையில் குடும்பத்தோடு போய் நின்றவர்கள். அவருடைய வருத்தம் உண்மையானது. விழா மூடப்பட்டதால் தங்கும் விடுதிக்காரர்கள் சொல்லும் நட்டக்கணக்கைவிட அது பெரியது. பல்கலைக்கழகம் ஊர்க்காரர்களுக்காவது ஒரு வழி கண்டிருக்க வேண்டும், இன்னும் காணலாம். ஆனால் மூடியதையே குற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு தாழ்வாரத்தில் முப்பது பேர் ஒரு பாட்டை ஒன்றரை மணி நேரம் பழகுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பாட்டு கேட்கும் அளவுக்காவது சுற்றிலும் அமைதி வேண்டும் என்பது புரியும். லட்சம் பேர் நடுவில் ஆல்பனா போட முடியாது.

தேதி மாறியதை மரபுமீறல் என்று சொல்கிறவர்களுக்கும் இந்த ஊரே பதில் வைத்திருக்கிறது. சமி தொடங்கியது வசந்த பஞ்சமியில். டோல் பூர்ணிமைக்கு அது பின்னால்தான் வந்தது. தாகூரின் பிறந்தநாள் மே மாதத்தில், கத்திரி வெயிலில் கிணறுகள் வற்றி மாணவர்கள் ஊருக்குப் போய்விடும் நேரத்தில் வருகிறது. ஆகவே அவர் உயிரோடு இருந்தபோதே அதை ஏப்ரல் நடுவில், வங்காளப் புத்தாண்டன்று கொண்டாடும் வழக்கம் ஏற்பட்டது. ஆண்டின் கடைசி மாலையில் கண்ணாடி மந்திர் என்ற வழிபாட்டுக் கூடத்தில் வழிபாடு, மறுநாள் விடியலில் புத்தாண்டும் குருதேவரின் பிறந்தநாளும் சேர்ந்தே. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்களா என்று பார்த்து நாள் குறித்த இடம் இது.

கிளம்புவதற்கு முன் ஒரு புதன்கிழமை. இங்கே வார விடுமுறை ஞாயிறு இல்லை, புதன். 1891இல் திறந்த வண்ணக்கண்ணாடி மந்திரில் சிலையும் இல்லை, படமும் இல்லை. வெள்ளை உடுத்தியவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி வழியே வந்த காலை வெயில் சிலரின் உடுப்பில் சிவப்பும் நீலமுமாக விழுந்தது. பாட்டும் உபநிடத வாசிப்பும் முடிந்து வெளியே வந்ததும் தோழரின் மகளும் நானும் பொரியும் கொத்துக்கடலையும் வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தோம். மாமரம் முழுக்கப் பூ. தேனீக்களின் இரைச்சல் தலைக்கு மேல்.

வசந்தப் பாட்டெல்லாம் முடிந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்டேன்.

"சித்திரை வருஷப்பிறப்புப் பாட்டு நாளைக்கே ஆரம்பிக்குது அத்தை. லீவு முடிஞ்சு வந்தா மழைப்பாட்டு. அப்புறம் ஆகஸ்டுல மரம் நடற விழா, குருதேவர் நினைவுநாள்ல. போன தடவை நான் வெச்சது ஒரு மகிழங்கன்னு. ஆடு கடிச்சிடுச்சு, ஆனா துளிர்த்துடுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த வருஷம் நீங்க பத்தாம் தேதிக்கே வந்துடுங்க. வேடிக்கை பார்க்க விடமாட்டேன். எங்க விடுதித் தொட்டி ரொம்ப மோசம், ஆளுக்கொரு பக்கம் தேய்க்கலாம்."